தங்கைக்கு மெடிக்கல் கோடிங் கோர்ஸ்: 55,000 கேட்கிறார்கள், நம்பிக் கட்டலாமா?

புதுகை_அண்ணன்:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறாள். நாங்கள் புதுக்கோட்டை பக்கம். இரண்டு லேபில் கேட்டுப் பார்த்தோம், மாதம் 7,000 தருகிறேன் என்றார்கள், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே அது சரியாகிவிடும். கூடப் படித்த பெண் ஒருத்தி சென்னையில் மெடிக்கல் கோடிங், அதாவது நோய்க்கும் சிகிச்சைக்கும் கோடு போடுகிற வேலை, பார்க்கிறாள், அவளைப் பார்த்து இவளுக்கும் ஆசை வந்துவிட்டது.

போன வாரம் திருச்சியில் ஒரு இன்ஸ்டிட்யூட்டுக்கு அழைத்துப் போனேன். "பில்லிங் அண்ட் கோடிங்", மூன்று மாதம், 55,000 ரூபாய், நூறு சதவீதம் வேலை உத்தரவாதம். வருகிற சனிக்கிழமைக்குள் கட்டினால் 45,000. சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள், ஐஎஸ்ஓ, எம்எஸ்எம்இ, "மத்திய அரசு அங்கீகாரம்" என்று ஒரு போர்டு வேறு. கையில் பணம் இல்லை என்றதும் இஎம்ஐ போட்டுத் தருகிறோம் என்று அங்கேயே ஆதார், பான் கேட்டார்கள். நாளைக்கு வருகிறோம் என்று நழுவி வந்துவிட்டேன்.

அப்பா நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். எனக்குத்தான் உறுத்துகிறது. பில்லிங்கும் கோடிங்கும் ஒன்றா, இந்தச் சான்றிதழ்களுக்கு மதிப்பு உண்டா, நல்ல இடம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். பெயர் சொல்லி "அங்கே சேருங்கள்" என்று விளம்பரம் மட்டும் வேண்டாம்.


கோடிங்_அக்கா:

தம்பி, சனிக்கிழமை கெடுவை முதலில் மறந்துவிடுங்கள். அடுத்த சனிக்கிழமையும் அதே 45,000தான் இருக்கும், பேரம் பேசினால் 38க்குக்கூட வருவார்கள். நான் சென்னையில் 11 வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன், இப்போது ஆடிட்டர், அதாவது மற்ற கோடர்கள் போட்டதைச் சரிபார்க்கிற வேலை. புதிதாக வருகிற பிள்ளைகள் எங்கே என்ன படித்துவிட்டு வருகிறார்கள் என்பது எனக்குத் தினமும் தெரிகிற விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பில்லிங் வேறு, கோடிங் வேறு. அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போனால் டாக்டர் எழுதி வைத்த குறிப்பு, அதைச் சார்ட் என்போம், இங்கே வரும். அதைப் படித்து நோய்க்கு ஐசிடி-10-சிஎம் கோடும், செய்த சிகிச்சைக்கு சிபிடி கோடும் போடுவது கோடிங். அந்தக் கோடுகளை வைத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கணக்கு அனுப்புவது, வந்த பணத்தை வரவு வைப்பது, தர மறுத்தால் ஏன் என்று போன் போட்டுக் கேட்பது எல்லாம் பில்லிங் பக்கம். போன் போடுகிற வேலைக்குப் பெயர் ஏஆர் காலிங், அமெரிக்க நேரம் என்பதால் ராத்திரி வேலை. கோடிங் பெரும்பாலும் பகல் வேலை, பேச்சு கிடையாது, முழுக்கப் படிப்புதான். "பில்லிங் அண்ட் கோடிங்" என்று சேர்த்து விற்கிற இடத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, போன பேட்ச்சில் எத்தனை பேர் கோடிங்கிலும் எத்தனை பேர் ஏஆரிலும் சேர்ந்தார்கள் என்பது. மழுப்புவார்கள், பாருங்கள்.

சுவரில் மாட்டியிருந்ததற்கு வருகிறேன். எம்எஸ்எம்இ சான்றிதழ் என்பது சிறுதொழில் பதிவு. டீக்கடைக்கும் வாங்கலாம், தையல் கடைக்கும் வாங்கலாம். ஐஎஸ்ஓ சான்றிதழ் அலுவலக நடைமுறையைப் பற்றியது, பாடத்தைப் பற்றியது இல்லை. மத்திய அரசு அங்கீகாரம் என்று அவர்கள் சொல்வது அநேகமாக இந்த எம்எஸ்எம்இ பதிவைத்தான். கோடர் வேலைக்கு எடுக்கும் கம்பெனி எதுவும் இவற்றைக் கேட்காது. அவர்கள் தரும் கோர்ஸ் சான்றிதழையும் யாரும் பெரிதாக மதிப்பதில்லை.

மதிப்பு உள்ளது எது என்றால், ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் சிபிசி தேர்வு. ஏஹெச்ஐஎம்ஏ என்று இன்னொரு அமைப்பு உண்டு, அவர்கள் சிசிஎஸ் நடத்துகிறார்கள், ஆஸ்பத்திரி உள்நோயாளி கோடிங்கில் அதற்கு மரியாதை அதிகம். நம் ஊரில் ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் சிபிசி பக்கம்தான் போகிறார்கள். ஆக இன்ஸ்டிட்யூட் என்பது வெறும் டியூஷன் சென்டர். தேர்வு வைப்பவர் வேறு ஆள். இது புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சிபிசி 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ், கோடு புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம். புத்தகம் பார்த்து எழுதுவதுதானே என்று நினைக்காதீர்கள், ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடைக்காது. முன்பு இது 150 கேள்வி, 5 மணி 40 நிமிடத் தேர்வாக இருந்தது. இன்றைக்கும் நோட்டீஸில் "150 கேள்வி" என்று போட்டிருந்தால் அந்த இடத்தில் பாடத்தை யாரும் தூசி தட்டவில்லை என்று அர்த்தம்.

பழைய சரக்கைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு வழி சொல்கிறேன். அவர்களுடைய நோட்ஸை வாங்கி 99201 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். புது நோயாளி டாக்டரைப் பார்க்கப் போவதற்கான சிபிடி கோடு அது, 2021 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். அதே வருடம்தான் டாக்டர் விசிட்டுக்கு லெவல், அதாவது அது எவ்வளவு சிக்கலான விசிட் என்ற படிநிலை, போடுகிற முறையே மாறியது, அதனால் 99201 நோட்ஸில் உயிரோடு இருந்தால் அந்தப் பாடம் முழுக்கப் பழசு. இன்னொன்று, இருமலுக்கு என்ன கோடு என்று கேளுங்கள். வெறும் ஆர்05 என்று சொன்னால் தப்பு. 2021 அக்டோபரில் அதைப் பிரித்துவிட்டார்கள், இப்போது ஆர்05.1, ஆர்05.2 என்று போய் ஆர்05.9 வரை இருக்கிறது. ஐசிடி ஒவ்வொரு அக்டோபர் 1ஆம் தேதியும், சிபிடி ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் புதுப்பிக்கிற சமாச்சாரம்.

டிரெய்னர் உருப்படியானவரா என்று பார்க்க ஒரு கேள்வி. டெமோ கிளாஸில் உட்கார்ந்து தங்கையைக் கேட்கச் சொல்லுங்கள்: "டாக்டர் சார்ட்டில் 'நிமோனியாவாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறார், காய்ச்சலும் இருமலும் இருக்கிறது, எதற்குக் கோடு போடுவது?" நல்ல டிரெய்னர் பதில் சொல்வதற்கு முன்னால் "வெளிநோயாளியா, உள்நோயாளியா?" என்று திருப்பிக் கேட்பார். வெளிநோயாளி என்றால் சந்தேகத்துக்குக் கோடு போடக்கூடாது, காய்ச்சலுக்கும் இருமலுக்கும்தான் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்து, டிஸ்சார்ஜ் ஆகும்போதும் அப்படியே எழுதியிருந்தால் நிமோனியாவுக்கே போடலாம். விதிப் புத்தகத்தில் இருக்கிற அடிப்படை இது. சார்ட்டே பார்க்காத ஆள் என்றால் "நிமோனியாவுக்குத்தான்" என்று பட்டென்று சொல்லிவிடுவார்.

கடைசியாக ஒன்று. ஏஏபிசி கணக்கைத் தங்கையின் சொந்த இமெயிலில், அவள் பெயரில், அவளே திறக்க வேண்டும். தேர்வுக் கட்டணமும் உறுப்பினர் கட்டணமும் நேராக அங்கே போகும். "எங்களிடம் கட்டுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி மாதக்கணக்கில் தேதியே போடாமல் இழுத்தடித்த கதைகள் எனக்குத் தெரியும்.


இரவுக்கிளி:

அக்கா சொன்ன முதல் விஷயத்துக்கு உயிருள்ள சாட்சி நான். கோடிங் என்று சொல்லி 40,000 வாங்கினார்கள் (இன்ஸ்டிட்யூட் பெயர் வேண்டாம், இப்போது அது இல்லவும் இல்லை), மூன்று மாதம் கழித்து "டை-அப் கம்பெனி" என்று ஒரு இடத்துக்கு அனுப்பினார்கள். போனால் அது எல்லோருக்கும் திறந்திருக்கிற சாதாரண வாக்-இன் இன்டர்வியூ, வரிசையில் பேப்பரில் பார்த்து வந்தவர்கள், ஃபேஸ்புக்கில் பார்த்து வந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள், அவர்கள் யாரும் 40,000 கட்டவில்லை. அதுவும் ஏஆர் காலிங் வேலை.

ஏஆரைக் குறை சொல்லவில்லை ப்ரோ. ஆறு வருடமாக இதில்தான் இருக்கிறேன், வீட்டுக் கடன் அடைத்திருக்கிறேன். இங்கிலீஷ் பேச வரும், ராத்திரி முழித்தால் உடம்பு தாங்கும் என்றால் நல்ல வேலைதான், இதற்கு லைஃப் சயின்ஸ் டிகிரிகூடத் தேவையில்லை, எந்த டிகிரியும் போதும். ஆனால் இதற்கு 40,000 கட்டிப் படிக்க வேண்டிய அவசியம் துளியும் இல்லை, கம்பெனியே சம்பளம் கொடுத்துச் சொல்லித் தருகிறது.

தங்கையிடம் ஒருமுறை மனம் விட்டுப் பேசுங்கள். உட்கார்ந்து எட்டு மணி நேரம் டாக்டர் எழுதிய இங்கிலீஷைப் படிக்கப் பிடிக்குமா? பிடிக்காதவர்கள் ஆறு மாதத்தில் ஓடிப் போகிறார்கள், பார்த்திருக்கிறேன்.


மாத்திரை_மணி:

நான் மாற்றிச் சொல்கிறேன். கோர்ஸே வேண்டாம்.

பி.ஃபார்ம் முடித்து நேராக வாக்-இன் போனேன். உடலமைப்பு, மருத்துவச் சொற்கள், கொஞ்சம் இங்கிலீஷ் இதில் ஒரு எழுத்துத் தேர்வு, அப்புறம் இன்டர்வியூ. எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் அவர்களே பயிற்சி கொடுத்தார்கள், குறைந்த சம்பளத்தோடு. சிபிசி எல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு எழுதினேன், பாஸ் ஆனதும் கட்டணத்தைக் கம்பெனி திருப்பிக் கொடுத்தது. மைக்ரோபயாலஜி படித்த பெண்ணுக்கு உடலமைப்பு தெரியாதா என்ன? ஐசிடி விதிப் புத்தகம் அமெரிக்க அரசு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 45,000ஐ வைத்து சென்னையில் நான்கு மாதம் ஹாஸ்டலில் தங்கி வாக்-இன் ஏறி இறங்கலாம்.


கோடிங்_அக்கா:

மணி சொல்வது அவருக்குச் சரி. ஃபார்மசி, நர்சிங், பிசியோ, சித்தா படித்தவர்களைக் கோர்ஸ் இல்லாமலே எடுப்பார்கள், மருந்துப் பெயரும் நோய்ப் பெயரும் அவர்களுக்குப் பழக்கம். மைக்ரோபயாலஜி பிள்ளைகளில் கிருமியின் பெயரெல்லாம் சரளமாகச் சொல்லிவிட்டு, தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் வித்தியாசம் கேட்டால் முழிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், குற்றம் அவர்களுடையது இல்லை, பாடத்திட்டம் அப்படி. ஒரு வருட இடைவெளி வேறு இருக்கிறது. அதனால் கோர்ஸ் போகலாம், 45,000 கொடுத்துத்தான் போக வேண்டும் என்பதில்லை.

கம்பெனி பயிற்சியிலும் ஒரு விஷயம் கவனியுங்கள், பாண்ட் இருக்கும், அதாவது இத்தனை நாள் வேலையை விட்டுப் போகமாட்டேன் என்ற ஒப்பந்தம். ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று. கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டும். ஒரிஜினல் டிகிரி சான்றிதழைக் கேட்டால் காட்டிவிட்டு வாங்கி வந்துவிட வேண்டும், கொடுத்துவிட்டு வரக்கூடாது.


கட்டிவிட்டு_அழுதவன்:

இஎம்ஐ என்ற வார்த்தையைப் பார்த்ததால் எழுதுகிறேன்.

நீங்கள் இன்ஸ்டிட்யூட்டுக்குத் தவணை கட்டவில்லை. உங்கள் பெயரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கடன் கொடுத்து, முழுத் தொகையையும் இன்ஸ்டிட்யூட்டுக்கு முதல் வாரமே அனுப்பிவிடுகிறது. எனக்கு இரண்டாவது மாதத்தில் டிரெய்னர் நின்றுவிட்டார், ரெக்கார்டிங் வீடியோ பாருங்கள் என்றார்கள், அப்புறம் அதுவும் நின்றது. இஎம்ஐ மட்டும் மாதம் 5ஆம் தேதி தவறாமல் போனது. நிறுத்தினால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும், வசூல் ஆள் அப்பாவுக்குப் போன் போடுவான், போட்டான். கடன் கொடுத்தவனிடம் கிளாஸ் நடக்கவில்லை என்று சொன்னால் அது உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள பிரச்சினை என்றான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் கொடுத்து, நோட்டீஸ், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது எல்லாம் அனுப்பிய பிறகு பாதிப் பணம் திரும்பி வந்தது. நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தது.

"நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்" பற்றி. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் சென்டர் விளம்பரங்களுக்கு விதிமுறை போட்டது, தேர்ச்சி, வேலை என்று பொய்யாக வாக்குக் கொடுக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. இதை அவர்களிடம் சட்டம் பேசுவதற்காகச் சொல்லவில்லை. உத்தரவாதத்தை லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், வேலை வரவில்லை என்றால் எவ்வளவு, எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள் என்ற வரியோடு. முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

இன்னொரு அசிங்கமும் நடக்கிறது. ஃப்ரெஷருக்கு வேலை கிடைக்காது, ஒரு வருட அனுபவச் சான்றிதழ் நாங்களே போட்டுத் தருகிறோம் என்பார்கள். பெரிய கம்பெனிகள் பிஎஃப் கணக்கைப் பார்க்கின்றன. அதில் அந்த ஒரு வருடம் இருக்காது. என் பேட்ச்சில் ஒருவன் சேர்ந்து 40 நாளில் வெளியே வந்தான், அவனை நான் திட்டவும் முடியவில்லை.


புதுகை_அண்ணன்:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு இதை முழுக்கப் படித்துக் காட்டினேன், நகை பீரோவுக்குள் போய்விட்டது.

அக்காவிடம் ஒரு சந்தேகம். சிபிசி பாஸ் பண்ணிவிட்டால் பெயருக்குப் பின்னால் சிபிசி-ஏ என்று வருமாமே, அந்த "ஏ" இருந்தால் வேலை கிடைக்காது, அதை எடுக்க இன்னொரு 20,000 ஆகும் என்று இன்ஸ்டிட்யூட்டிலிருந்து போன் பண்ணிச் சொல்கிறார்கள். நிஜமா?


கோடிங்_அக்கா:

"ஏ" என்றால் அப்ரன்டிஸ், கற்றுக்குட்டி. அனுபவம் இல்லாமல் பாஸ் ஆன எல்லோருக்கும் அது வரும், எனக்கும் வந்தது. இரண்டு வருடம் வேலை பார்த்துக் கடிதம் கொடுத்தால் போய்விடும். 80 மணி நேரப் பயிற்சி முடித்த ஆதாரம் இருந்தால் அது ஒரு வருடத்துக்குச் சமம், மீதி ஒரு வருட அனுபவம் போதும். ஏஏபிசியே பிராக்டிகோடு என்று ஒரு பயிற்சி விற்கிறது, அதிலும் ஒரு வருடத்தைக் கழிக்கலாம். இங்கே ஃப்ரெஷர் எடுக்கிற கம்பெனிகள் "ஏ"யைப் பார்த்து யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. அந்த 20,000 அவர்கள் இன்ஸ்டிட்யூட் வாடகைக்கு.

ஆனால் அந்த 80 மணி நேரத்தை நினைவில் வையுங்கள். கோர்ஸ் முடிந்ததும் மணிக்கணக்கோடு கடிதம் தருவார்களா, டிரெய்னர் ஏஏபிசி அங்கீகரித்த பயிற்றுநரா என்று கேளுங்கள். அவருடைய உறுப்பினர் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள், ஏஏபிசி இணையத்தில் போட்டு அவருக்கு உண்மையில் சிபிசி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கொடுக்க யோசிக்கிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.


புதுகை_அண்ணன்:

பத்து நாள் கழித்து வருகிறேன். மூன்று இடம் போனோம்.

முதல் இடம் அதே பழைய இன்ஸ்டிட்யூட். தங்கை நிமோனியா கேள்வியைக் கேட்டாள். கவுன்சலர் மேடம் "அதெல்லாம் அட்வான்ஸ்டு லெவல்மா, இரண்டாவது மாதத்தில் வரும்" என்றார். டெமோ கிளாஸ் கேட்டோம், கட்டிய பிறகுதான் என்றார்கள். இரண்டாவது இடத்தில் டிரெய்னர் இருந்தார், நன்றாகவும் பேசினார், ஆனால் நோட்ஸில் நான்காவது பக்கத்திலேயே 99201. தங்கை என் கையைக் கிள்ளினாள்.

மூன்றாவது ஒரு மாடி வீடு, போர்டே சின்னது. நடத்துகிறவர் பகலில் ஒரு கம்பெனியில் கோடர், மாலையில் எட்டுப் பேருக்குச் சொல்லித் தருகிறார். கேள்வியைக் கேட்டதும் "எங்கே பார்த்தார் டாக்டர், ஓபியிலா வார்டிலா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார், விஷயத்தைச் சொன்னேன், யார் சொல்லிக்கொடுத்தது என்று அவரும் சிரித்தார். உறுப்பினர் எண் கேட்டதும் கொடுத்துவிட்டார், சரியாக இருந்தது. 18,000, மூன்று தவணை, மாதம் முடிந்த பிறகு அந்த மாதத்துக்குக் கட்டினால் போதும். வேலைக்கு உத்தரவாதம் கிடையாது, திருச்சியில் வாக்-இன் வந்தால் சொல்வேன், போக வேண்டியது உங்கள் பொறுப்பு என்றார். அவர் ஏஏபிசி அங்கீகரித்த பயிற்றுநர் இல்லை, அதை அவரே சொன்னார். 80 மணி நேரக் கடிதம் செல்லுமா என்று ஏஏபிசிக்கே எழுதிக் கேட்கச் சொன்னார், இமெயில் போட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை சேர்கிறாள். புத்தகம் மட்டும் ஒரு குழப்பம், 2023 வருடத்துக் கோடு புத்தகம் மூன்றும் சேர்த்து 2,500க்கு ஒருவர் விற்கிறார், வாங்கலாமா?


கோடிங்_அக்கா:

பழகுவதற்கு வாங்கலாம், 1,500க்கு மேல் கொடுக்காதீர்கள். தேர்வுக்கு அந்த வருடத்துப் புத்தகம்தான் நல்லது, அதைத் தேதி முடிவானதும் வாங்கிக்கொள்ளலாம், இப்போதே வாங்கி ஜனவரி தாண்டிவிட்டால் காசு வீண். பழைய புத்தகத்தில் பென்சிலால் குறிப்பு எழுதிப் பழகச் சொல்லுங்கள். முதல் மாதம் விதிப் பகுதியை மட்டும் படிக்கட்டும், கோடு மனப்பாடம் வேண்டாம். தொடை எலும்பு எது என்றும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.


மாத்திரை_மணி:

ஃபீமர்.